அசையாமல் இருப்பதற்குக் கூலி

சிவகாசியில் மனித உருவத்துக்குப் பஞ்சமே கிடையாது. தீப்பெட்டி லேபிளில், வெடிக்கட்டு அட்டையில், தினசரி காலண்டரில், நோட்டு அட்டையில், கல்யாணப் பத்திரிகையில் என்று எங்கே திரும்பினாலும் ஒரு முகம் சிரித்துக்கொண்டிருக்கும். லட்சுமி, முருகன், பிள்ளையார், கன்னத்தில் கைவைத்த குழந்தை, குடத்தோடு நிற்கும் பெண். நாட்டின் ஏதோ ஒரு மூலையில் மளிகைக் கடைச் சுவரில் தொங்குகிற சாமி, இந்த ஊர் மெஷினிலிருந்து இறங்கியதாக இருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. ஆனால் ஓர் ஆளை எதிரே உட்காரவைத்து, அவரைப் பார்த்து வரைகிற வழக்கம் மட்டும் இங்கே இல்லை.

நான் ஓர் அச்சகத்தில் லேஅவுட் பார்க்கிறேன். மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலையில், தெரிந்தவர் ஒருவரின் மூடிக்கிடக்கும் பிரஸ் மாடியில் ‘பிகர் டிராயிங்’ நடத்துகிறோம். வகுப்பு என்று சொல்வதில்லை, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. ஒருவர் உட்காருவார், மற்றவர்கள் வரைவார்கள். உலகத்துக்கு இது புதிதும் இல்லை. லண்டனில் 1735இல் வில்லியம் ஹோகார்த் செயின்ட் மார்ட்டின்ஸ் லேனில் ஓவியர்கள் சந்தா போட்டு நடத்துகிற பள்ளி ஒன்றை அமைத்தார். பாரிஸில் கிராண்ட் ஷோமியேர் என்ற இடம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. காசு கொடுத்து உள்ளே போய் மாடலைப் பார்த்து வரைந்துவிட்டு வரலாம், யாரும் திருத்த வரமாட்டார்கள். அம்ரிதா ஷேர்கில் பாரிஸ் போன புதிதில் பயின்ற இடம் அதுதான்.

நம் பக்கத்தில் இது ஏன் வேர்விடவில்லை என்று யோசித்தால், காலண்டர் ஓவியம் வந்த வழியைப் பார்க்கவேண்டியிருக்கிறது. அந்த மரபில் பெரிய பெயர் சி. கொண்டைய ராஜு. 1898இல் பிறந்து 1976இல் மறைந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். கொஞ்ச காலம் ரமணாசிரமத்தில் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதப்போய், அந்த வழியில் கோவில்பட்டிக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார். சுப்பையா, ராமலிங்கம், அருணாச்சலம், சீனிவாசன் என்று சீடர்கள் சேர்ந்தார்கள். அவர்கள் வரைந்தது பக்கத்தில் இருந்த சிவகாசியில் அச்சாகி இந்தியா முழுக்கப் போனது.

மேடைத் திரையிலிருந்து வந்த கை அது. கடைசி வரிசைக்காரனுக்கும் தெரியவேண்டும், பார்த்ததும் கும்பிடத் தோன்றவேண்டும். அதற்கு நேர்முகம் வேண்டும், தழும்பில்லாத தோல் வேண்டும், கண்ணில் கருணை வேண்டும். எதிரே ஓர் ஆள் உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தால் அது இடைஞ்சல்தான். குருவின் முகத்தைச் சீடர் எடுத்தார், சீடரின் முகத்தை அடுத்த தலைமுறை எடுத்தது. அச்சகத்தில் பழைய படத்தைக் காட்டி, “இதே மூஞ்சி, சேலை மட்டும் பச்சை” என்றுதான் வேலை கொடுப்பார்கள். நானும் அப்படித்தான் வேலை வாங்குகிறேன்.

கொண்டைய ராஜு படித்த அதே சென்னைப் பள்ளிக்கு இன்னொரு பக்கம் உண்டு. 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய பள்ளி அது. 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி பொறுப்பேற்று, 1957 வரை நடத்தினார். ஆளைப் பார்த்து வரைவதற்கும் செதுக்குவதற்கும் அவர் காலத்தில் அங்கே பெரிய இடம் இருந்தது. மெரினாவில் 1959இல் திறந்துவைக்கப்பட்ட உழைப்பாளர் சிலை அவர் செய்தது. அதற்கு மாதிரியாக நின்றவர்களில் ஒருவர் அந்தக் கல்லூரியின் இரவுக் காவலர். சிலையைக் கடக்கிறவர்களுக்கு ‘உழைப்பாளர்’ என்ற பொதுப்பெயர்தான் தெரியும். அந்த முதுகு ஒரு வாட்ச்மேனுடையது என்று தெரிந்த பிறகு எனக்கு அந்தச் சிலையைப் பழையபடி பார்க்க முடியவில்லை.

எங்கள் மாடிக்கு வருகிறேன். கிழக்குப் பக்கம் ஒரே ஒரு பெரிய ஜன்னல். டியூப்லைட்டை அணைத்துவிட்டால் வெளிச்சம் ஒரு பக்கமிருந்து மட்டும் விழும், தோளின் நிழல் தெளிவாகத் தெரியும். பிள்ளைகளின் பரீட்சை அட்டைதான் எங்கள் வரைபலகை. தாளுக்குச் செலவே இல்லை. கலர் செட் ஆகும்வரை மெஷினில் ஓடி வீணாகிற வேஸ்ட் ஷீட் இந்த ஊரில் மலைமலையாகக் கிடைக்கும். ஒரு பக்கம் நாலு முருகன் ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்திருப்பார், மறுபக்கம் வெள்ளை. அதில் கரி நன்றாகப் பிடிக்கும். தாளைத் தரையில் போட்டால் முருகன் கீழே போய்விடுவார், மிதித்துவிடுவோமோ என்று எல்லோரும் ஒதுங்கி ஒதுங்கி நடப்பார்கள். கடைசியில் சாமி படம் உள்ளதைத் தனியே பிரித்துவைத்துவிட்டு, பிஸ்கட் அட்டையும் சோப்பு அட்டையும் அச்சான தாள்களை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

வருகிறவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். பிளெக்ஸ் வந்த பிறகு வேலை போன போர்டு ஆர்ட்டிஸ்ட் இருவர். விருதுநகரிலிருந்து பஸ் ஏறி வருகிற டிராயிங் மாஸ்டர் ஒருவர். கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்துவிட்டு ஊர் திரும்பிய தம்பி ஒருவன். சாத்தூரிலிருந்து இரண்டு கல்லூரிப் பெண்கள். பிறகு எங்கள் அண்ணாச்சி. வயது எழுபதைத் தொடுகிறது. சின்னப் பையனாக லித்தோ பிரஸ்ஸில் சேர்ந்து, பிலிம் நெகட்டிவில் டச்சிங் பண்ணியே ஆயுளைக் கழித்தவர். முகத்தில் பரு இருந்தால் எடுப்பார், மூக்கு கோணினால் நேராக்குவார். கம்ப்யூட்டர் வந்ததும் அவர் மேஜை காலியானது. இப்போது, சொன்னால் தானே படம் போட்டுத் தருகிற மென்பொருள் வந்து, அவர் மேஜைக்கு வந்த அடுத்த ஆளின் மேஜையும் ஆடிக்கொண்டிருக்கிறது.

அண்ணாச்சிக்கு ஒரு பழக்கம். உட்கார்ந்திருப்பவரை ஒரு தடவை பார்ப்பார், அப்புறம் தாளை மட்டும்தான் பார்ப்பார். யார் உட்கார்ந்தாலும் லட்சுமிதான் வரும். காய்கறி விற்கிற பெரியம்மா ஒருவர் தன் படத்தைப் பார்த்துவிட்டு, “என்ன அண்ணாச்சி, காமாட்சியம்மன் மாதிரி போட்டிருக்கீக, நகையெல்லாம் எங்க?” என்றார். மாடியே சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்தார். அடுத்த வாரமும் லட்சுமிதான்.

அவர் கைக்குள் இருப்பது ஒரு கணக்கு. சிற்ப சாஸ்திரத்தில் முகத்தின் நீளம் ஒரு தாளம். பெரிய தெய்வங்களுக்குத் தசதாளம், பிள்ளையாருக்குப் பஞ்சதாளம். அந்த வரிசைப்படி உடம்பை அடுக்கினால் யார் போட்டாலும் சாமி வரும். ஐரோப்பியப் பள்ளிகள் மனிதனுக்கு ஏழரைத் தலை என்று கணக்கு வைத்திருக்கின்றன. எங்கள் மாடியில் உட்கார்ந்தவர்களில் இரண்டு கணக்குக்கும் அடங்கியவர் குறைவு. சின்ன வயதிலிருந்து தரையில் குந்தி வேலை பார்த்தவருக்குத் தோள் முன்னால் வந்திருக்கிறது, கழுத்து உள்ளே போயிருக்கிறது. இதைப் பார்த்துத்தான் வரையமுடியும், மனப்பாடத்தில் வராது. அதனால் முதலில் ஒரு நிமிட போஸ் ஐந்து வைக்கிறோம். போனில் டைமர் ஓடும். ஒரு நிமிடத்தில் லட்சுமி போட முடியாது. முதுகின் வளைவும் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதும் மட்டும்தான் கிடைக்கும். அப்புறம் ஐந்து நிமிடம் நாலு, டீ, கடைசியில் இருபது நிமிடம் இரண்டு.

யார் உட்காருவது? ஆரம்பத்தில் நாங்களே மாறி மாறி உட்கார்ந்தோம். பிறகு டீக்கடைக்காரர், தையல்கடை அக்கா. அதன்பின் வெடி ஆபீசில் வேலை பார்க்கிறவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஞாயிறு அவர்களுக்கு லீவு. கூலி கொடுக்கவேண்டுமா என்று எங்களுக்குள்ளேயே ஒரு சண்டை. “சும்மா உக்காருறதுக்கு எதுக்குத் துட்டு?” என்றார் போர்டு ஆர்ட்டிஸ்ட் ஒருவர். அன்றைக்கு உட்கார வந்திருந்த அக்காவே பதில் சொன்னார். “சும்மா உக்காருறதுதான் சார் கஷ்டம். குரோசுக்கு இவ்வளவுன்னு எண்ணிக் குடுக்குற எடத்துல கை நின்னா கூலி நிக்கும். எங்களுக்கு அப்படியே பழகிருச்சு.” ஆளுக்கு ஐம்பது ரூபாய் போடுவது, படிக்கிற பிள்ளைகளுக்கு இல்லை, உட்காருகிறவருக்கு நானூறு என்று முடிவானது. காசு குறைந்தால் மிச்சத்தை நான் போடுவேன்.

அந்த அக்கா சரவெடி பின்னியவர். 2018 அக்டோபர் 23இல் உச்ச நீதிமன்றம் பட்டாசு வழக்கில் கொடுத்த தீர்ப்பில் பேரியம் உப்புகளோடு சரவெடிக்கும் தடை வந்தது. காற்று கெடுவதைப் பற்றிய வழக்கு அது, அதன் நியாயத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் இருபது வருடம் சரம் பின்னிய கைக்கு அடுத்த நாள் என்ன வேலை என்று தீர்ப்பில் எழுதியிருக்காது. அவர் இப்போது குழாய் உருட்டுகிறார். இருபது நிமிட போஸில் உடம்பு முழுக்க அசையாமல் இருந்தது, விரல்கள் மட்டும் அசைந்துகொண்டே இருந்தன. “அக்கா, கை” என்று நான் இரண்டு தடவை சொன்னேன். அவர் நிறுத்துவார், தன்னையறியாமல் மறுபடி தொடங்கும். டிராயிங் மாஸ்டர்தான், “விடுங்க, பின்னட்டும்” என்று ஒரு நூல்கண்டை எடுத்துக் கொடுத்தார். வெடி இல்லாமல் நூலை மட்டும் அவர் பின்னினார். ஒவ்வொரு சுற்றிலும் கை அதே இடத்துக்குத் திரும்பி வந்ததால், அசைகிற கையையே வரைய முடிந்தது. அன்றைக்கு அண்ணாச்சி முதல்முறையாகத் தலையைத் தூக்கிப் பலதடவை பார்த்தார். அவர் படத்தில் முகம் லட்சுமிதான். விரல்கள் அந்த அக்காவுடையவை.

துணி விஷயத்தையும் சொல்லிவிடவேண்டும், ஏனென்றால் ஊரில் முதலில் கேட்கிற கேள்வி அதுதான். “அக்கா, அம்மணமாவா வரையுறீங்க?” இல்லை. ஓவியக் கல்லூரிகளில் நிர்வாண உருவம் வரைவது பாடம். அதில் அசிங்கம் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். அப்படி நிற்பதைப் பிழைப்பாகக் கொண்ட பெண்ணைப் பற்றி ரவி ஜாதவ் மராத்தியில் ‘நியூட்’ என்று படம் எடுத்தார். 2017இல் கோவா திரைப்பட விழாவிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். கோவாவிலேயே அந்தக் கதி என்றால் சிவகாசி மாடியில் என்ன நடக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. ஆனால் பயத்தால் மட்டும் நாங்கள் இப்படி வைத்துக்கொள்ளவில்லை. ஆண்கள் கைலியோடு, வேண்டுமானால் சட்டையைக் கழற்றிவிட்டு உட்காருவார்கள். பெண்கள் வேலைக்குப் போகிற மாதிரியே, சேலைமேல் ஆம்பிளைச் சட்டை மாட்டிக்கொண்டு உட்காருவார்கள். காலர் சுருங்கியிருப்பது, கைமடிப்பு முழங்கையில் இறுகியிருப்பது, தோள்பட்டையில் துணி நைந்திருப்பது இவற்றிலிருந்து உள்ளே உடம்பு என்ன செய்கிறது என்று கண்டுபிடிக்கவேண்டும். அது லேசான பாடம் இல்லை.

போன வருடம் மாசியில் ஒருவர் வந்தார். முன்பு மருந்து அறையில் வேலை பார்த்தவர். விபத்துக்குப் பிறகு இப்போது ஒரு சைக்கிள் ஸ்டாண்டில் இருக்கிறார். வலது கை மணிக்கட்டிலிருந்து கழுத்துவரை தோல் இழுத்துச் சுருங்கியிருக்கும், இரண்டு விரல் மடங்காது. அவரை நான் கூப்பிடவில்லை, கேள்விப்பட்டு அவரே வந்தார். “சட்டையோட உக்காருங்க அண்ணே” என்றேன். “இல்லம்மா, வேக்காடா இருக்கு” என்று கழற்றி மடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஒரு மணி நேரம் மாடியில் சத்தமே இல்லை. முடிந்ததும் வழக்கம்போலத் தாள்களை ஜன்னலோரம் சாய்த்து வைத்தோம். அண்ணாச்சி படத்தில் தழும்பு இல்லை. ஐம்பது வருடப் பழக்கம், கோணலைப் பார்த்தால் கை தானாக நேராக்கும். “கொஞ்சம் சுத்தம் பண்ணிட்டேன்” என்றார். கும்பகோணத் தம்பி போட்ட படத்தில் தழும்பு மட்டுமே இருந்தது என்று சொல்லலாம். தோல் எங்கே பளபளக்கிறது, எங்கே கயிறு மாதிரி திரள்கிறது, மடங்காத விரல் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று ஒன்று விடாமல் வரைந்திருந்தான். எங்கள் மாடியில் போடப்பட்ட படங்களிலேயே சிறந்தது அதுதான், இன்றைக்கும்.

அவர் இரண்டையும் ரொம்ப நேரம் பார்த்தார். “அண்ணாச்சி போட்டது என் கல்யாண போட்டோல இருக்குற கை. இது இப்ப இருக்குறது” என்றார். எதை வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டேன். அண்ணாச்சி படத்தைச் சுருட்டிக்கொண்டார். தம்பியிடம், “நல்லா போட்டிருக்கப்பா. நீயே வச்சுக்க. ஆனா வெளிய எங்கயும் போட்றாத. ஆஸ்பத்திரில கெடந்தப்ப போட்டோ எடுத்தாக, யாரும் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல” என்றார்.

தம்பி அந்தப் படத்தை மதுரையில் ஒரு கண்காட்சிக்கு அனுப்ப நினைத்திருந்தான். அவர் போனபிறகு பெரிய வாக்குவாதம். அவன் சொன்னதை இங்கே நியாயமாகப் பதிவுசெய்யவேண்டும். “அக்கா, இந்த ஊரு நூறு வருஷமா எல்லா மூஞ்சியையும் டச்சிங் பண்ணியே அனுப்பிச்சிருக்கு. கையையும் டச்சிங் பண்ணி அனுப்பினா யாருக்கு லாபம்? அடுத்தவன் கை வேகுறதுக்குத்தான் வழி.” இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது வந்த படங்களை இந்த வட்டாரத்தில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். அந்தப் படங்கள் வந்ததால்தான் வெளியே நாலு பேர் கேள்வி கேட்டார்கள் என்பதும் உண்மை. படத்தில் இருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை என்பதும் உண்மை. கேட்கிற நிலையில் அவர்கள் இல்லை.

ஆனால் இவர் இருக்கிறார். மாடிப்படி ஏறிவந்து, சட்டையைக் கழற்றி, இருபது நிமிடம் நம்மைப் பார்க்கவிட்டு, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பட்டாசு வட்டாரத்துத் தொழிலாளியின் உடம்பை வேலை நேரத்தில் கைக்கணக்காகப் பார்க்கிறார்கள், விபத்து நடந்தால் எண்ணிக்கையாகப் பார்க்கிறார்கள். இரண்டிலும் அவருக்குச் சொல்ல இடம் இல்லை. எங்கள் மாடியிலும் இடம் இல்லையென்றால், ஞாயிற்றுக்கிழமை எதற்கு அவரைக் கூப்பிட்டு உட்காரவைக்கவேண்டும்? இதைத்தான் தம்பியிடம் சொன்னேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை, படத்தை அனுப்பவும் இல்லை. இரண்டு மாதம் வராமல் இருந்துவிட்டுப் பிறகு வந்தான்.

அதன்பிறகு சில விஷயங்களைச் சுவரில் எழுதி ஒட்டினோம். போனை டைமருக்குத் தவிர வெளியே எடுக்கக்கூடாது. படம் முடிந்ததும் முதலில் பார்க்கவேண்டியவர் உட்கார்ந்தவர். அவருக்குப் பிடித்த ஒன்றை அவர் எடுத்துக்கொள்ளலாம். மற்றவற்றை எங்கே காட்டலாம், காட்டக்கூடாது என்பதை அவர் சொல்லவேண்டும், இன்றைக்குச் சொன்னதை நாளைக்கு மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். கூலி உட்காருவதற்குமுன்பே கொடுக்கப்படும். கடைசியைச் சேர்க்கச்சொன்னது சரவெடி அக்கா. வேலை முடிந்தபின் காசு என்றால், படத்தைப் பற்றி ‘வேண்டாம்’ என்று சொல்ல வாய் வராது என்றார்.

தழும்புக்காரர் இப்போதும் மாதம் ஒருதடவை வருகிறார். சில சமயம் உட்காருவார், சில சமயம் பின்னால் நின்று மற்றவர்கள் போடுவதைப் பார்ப்பார். இரண்டு தடவை அந்தச் சுருளை எடுத்துக் காட்டச்சொன்னார். விரித்தோம். பார்த்தார், “சுருட்டி வைய்யி” என்றார். அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.

தீபாவளி வருகிறது. எங்களுக்கு அது ஒரு விசித்திரமான காலம். ஆடிப்பெருக்கன்று காலண்டர் ஆல்பம் வெளிவந்ததிலிருந்து மார்கழி வரை அச்சகத்துக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. வரைகிற கூட்டம் பாதியாகக் குறையும். தீபாவளி முடிந்ததும் வெடி ஆபீஸ்கள் கொஞ்ச நாள் மூடிக்கிடக்கும், அப்போது உட்கார வருகிறவர்கள் கூடுவார்கள். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரைய மூன்று பேர், உட்கார ஐந்து பேர். ஐந்து பேருக்கும் கொடுக்கக் கையில் காசு இல்லை. அவர்களே பேசி, ஆளுக்கொரு வாரம் என்று முறைவைத்துக்கொண்டார்கள். அன்றைக்கு முறை இல்லாத நாலு பேரும் வீட்டுக்குப் போகவில்லை. அண்ணாச்சி ஆளுக்கொரு வேஸ்ட் ஷீட்டும் கரித்துண்டும் கொடுத்தார். சரவெடி அக்கா தாளை மடியில் வைத்துக்கொண்டு, “மொதல்ல எங்க ஆரம்பிக்க?” என்றார். அண்ணாச்சி, “தாளைப் பாக்காதத்தா, ஆளைப் பாரு” என்றார்.